தாத்தா காலத்து வாள், துப்பாக்கி: வைத்திருக்கலாமா, விற்கலாமா?

பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து ஒரு வாள் கிடைக்கும், கட்டாரி கிடைக்கும், சில வீடுகளில் மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியே கிடைக்கும். என்ன விலை போகும் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. இதை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பயந்துபோய்ப் பழைய இரும்புக் கடையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். போனால் திரும்ப வராத பொருள் அது.

துப்பாக்கியிலிருந்து தொடங்கலாம், சிக்கல் அதில்தான் அதிகம். 1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். இல்லாவிட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. நூறு வருடப் பழசு என்பதால் மட்டும் விலக்கு கிடைக்காது. விலக்கு தரும் 45-ஆவது பிரிவைப் பலர் பாதி படித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். வழக்கொழிந்தது, தொன்மை மதிப்புள்ளது, பழுதானது என்று சொல்லிவிட்டு, பழுது பார்த்தாலும்கூடத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. துருவைத் துடைத்து விசையை மாற்றினால் சுடும் என்றால் விலக்கு இல்லை.

2020 பிப்ரவரியில் விதிகள் சற்றுத் தளர்ந்தன. ‘கியூரியோ’ எனப்படும் பழைய அரும்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதங்களை (கையில் ஏந்திச் சுடும் துப்பாக்கிகளை) வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் பயன்படுத்தவும் வெளியே கொண்டுபோகவும் உரிமம் வேண்டும். உங்கள் துப்பாக்கி அந்த வகையில் வருமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகத்திலும் சென்னையில் காவல் ஆணையர் அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் வாரிசுகள் தங்கள் பெயரில் உரிமம் கேட்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயதானாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றவும் 2016 விதிகளில் வழி உண்டு. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், குடும்பச் சொத்தாக வந்தாலும் கணக்கு அதுவே. உரிமம் கிடைக்கும்வரை தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததோடு எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 21-ஆவது பிரிவுப்படி, குறித்த காலத்துக்குள் உரிமம் வாங்கினால் திரும்பப் பெறலாம், அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். அதனால் ரசீது முக்கியம், அடையாளக் குறிகள் தெரியும் படங்களும் முக்கியம். கணக்கிலேயே இல்லாத துப்பாக்கி கிடைத்தால், அதைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறாதீர்கள். முதலில் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். முடிந்தால் ஒரு வழக்கறிஞரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள்.

வாள், கட்டாரி, ஈட்டிக்கு நிலைமை லேசானது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, அதாவது வெட்டும் தகடு, விதிகளின் கணக்கில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த அரிவாள், கத்தி வராது. உரிமம் தேவைப்படுவது மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில்தான். உங்கள் பகுதி அதில் இருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலக ஆயுத உரிமப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்த ஆயுதம் தனிக் கதை. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

அப்புறம் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம். நூறு ஆண்டைத் தாண்டிய வாளோ துப்பாக்கியோ தொல்பொருளாகக் கருதப்படும். வைத்திருப்பவர் அரசிடம் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய பொருள்களின் பட்டியல் பெரும்பாலும் சிற்பம், ஓவியம், படங்கள் வரைந்த சுவடி பற்றியது. ஆனால் தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, மீறினால் குறைந்தது ஆறு மாதச் சிறை. தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும், விற்கும்போது அதைக் காட்டச் சொல்லுங்கள். தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் அளித்த அதிகாரியோ சொல்வதே முடிவு. சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது.

கைப்பிடி யானைத் தந்தமாக இருந்தால் நின்று யோசியுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும், விற்க முடியாது.

அசலா போலியா என்று பார்ப்பவர்கள் முதலில் தேடுவது முத்திரையை. கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கிகளின் விசைத் தகட்டில் முதலில் இதய வடிவக் குறி இருந்தது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நிற்கும் சிங்கமாக மாறியது. இதயக் குறிக்குப் பக்கத்தில் 1840 என்று ஆண்டு பொறித்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். தென்னிந்திய வாள்களில் ஐரோப்பிய அலகு இருப்பது குறையல்ல. பரங்கி அலகை வாங்கி நம் ஊர்க் கைப்பிடி பொருத்துவது அன்றைய வழக்கம். பழைய உருக்கு அலகின் நீரோட்டம் போன்ற வரிகள் இரும்பின் உள்ளிருந்தே வருபவை. போலியில் அமிலத்தால் மேலே வரைந்திருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் அங்கே உள்ளன.

தயவுசெய்து புளி போட்டோ உப்புக் காகிதத்தாலோ தேய்க்காதீர்கள். முத்திரையும் மேற்பூச்சும் போய்விட்டால் எந்த நிபுணராலும் சான்று தர முடியாது.

விலைக்கு வருவோம். திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டனில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அது ஆங்கிலேயப் படைத் தளபதி டேவிட் பேர்டுக்கு அளிக்கப்பட்டதற்குப் பதிவு இருந்ததும் அந்த விலைக்குக் காரணம். அந்தத் தொகையை வைத்து உங்கள் வாளை எடை போடாதீர்கள். ஏற்றுமதி செய்ய முடியாத பொருளுக்கு உள்நாட்டுச் சந்தைதான் விலை சொல்லும், அதுவும் வாளோடு வரும் காகிதத்தைப் பார்த்துத்தான். பழைய உரிமப் புத்தகம், ஜமீன் கணக்கு, தாத்தா அந்த வாளோடு நிற்கும் புகைப்படம் என்று எது இருந்தாலும் அதை வாளைவிட்டுப் பிரிக்காமல் வையுங்கள்.