அம்மாவின் பொருத்தனை மகனின் அழைப்பு ஆகிவிடாது

“அம்மா பொருத்தனை பண்ணியிருக்காங்க ஐயா.”

ஏன் தம்பி ஊழியத்துக்கு வர்றீங்க என்று சேர்க்கை நேர்காணலில் கேட்கும்போது நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. பொருத்தனை என்றால் ஆண்டவருக்கென்று செய்யும் நேர்த்தி. இறையியல் கல்லூரியில் எபிரேயமும் பழைய ஏற்பாடும் சொல்லிக்கொடுக்கிறேன். பதினெட்டு வருடமாக அந்த நேர்காணல் மேசையில் நானும் ஒருவனாக உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை இல்லாமல் அழுது கேட்டுப் பெற்ற மகன், காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்த மகன், இவர்களையெல்லாம் பிறந்த அன்றே ஆண்டவருக்கென்று நேர்ந்துவிட்டு, பதினெட்டு இருபது வயதில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வராந்தாவில் உட்கார வைக்கிறார்கள். அந்தத் தாய்மாரின் பக்தியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தப் பையன்களில் சிலர் பிறகு என்ன ஆனார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர், எபிரேயத்தில் வகுப்பிலேயே முதல். திடீரென்று மெஸ்ஸில் சாப்பிட வருவதில்லை, காலை ஜெபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டுக்கு வாய் திறப்பதில்லை. ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் என் வீட்டுக் கதவைத் தட்டினார். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதுவதால் வலக்கைக்காரர்களுக்கு எழுதிய மை காய்வதற்குள் கை அதன்மேல் தேய்ந்துவிடும். அன்றும் அவர் உள்ளங்கை ஓரமெல்லாம் நீல மை. நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஐயா, என்னை யாரும் கூப்பிடவே இல்லை” என்றார்.

எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை அவர். இன்குபேட்டரில் இருந்த நாட்களில் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டுப் பொருத்தனை செய்திருக்கிறார். அன்றிலிருந்து ஊரில் அவரை எல்லோரும் ‘ஐயரு’ என்றே கூப்பிட்டார்கள், சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம். கிரிக்கெட் விளையாடினால் ‘ஐயரு இப்படி ஓடலாமா’, மார்க் குறைந்தால் ‘ஐயருக்கு எதுக்குக் கணக்கு’. இருபது வருடம் ஊரே கூப்பிட்டது, ஆண்டவர் மட்டும் கூப்பிடவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அதை வெளியே சொன்னால் அம்மா உடைந்துபோவார் என்ற பயத்தில் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறார்.

அன்று ராத்திரி நாங்கள் சேர்ந்து வாசித்தது 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரம். பொருத்தனை செய்யும் தாய்மார் எல்லோரும், பிள்ளையில்லாமல் அழுது, பிறக்கும் மகனைக் கர்த்தருக்கே கொடுப்பேன் என்று பொருத்தனை செய்து சாமுவேலைப் பெற்ற அன்னாளைத்தான் சொல்வார்கள், அது முதல் அதிகாரம். அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. பால் மறந்த பிள்ளையை அன்னாள் சீலோவில் இருந்த ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள், பிள்ளை ஆசாரியனாகிய ஏலியோடு வளர்ந்தான், ஆலயத்தில் வேலையும் செய்தான், அப்படியிருந்தும் மூன்றாம் அதிகாரம் ஏழாம் வசனம், சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான் என்று தெளிவாகச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் ஆண்டவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவனோ மூன்று தடவை ஏலியிடம் ஓடுகிறான். அம்மா கொடுத்த வாக்கே அழைப்பாக இருந்திருந்தால் அந்த ராத்திரிக்கு அவசியமே இருந்திருக்காது. எபிரேயத்தில் ‘காரா’ என்ற ஒரே வினைக்குக் கூப்பிடுவது, வாசிப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. வகுப்பில் இதை நான் விட்டுவிடாமல் சொல்வேன். கூப்பிடுகிற குரல் யாருடையது என்று அந்தப் பையன் தானே வாசித்து அறிய வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். ஏலி செய்ததும் அவ்வளவுதான்: நீ போய்ப் படுத்துக்கொள், இன்னொரு தடவை கூப்பிட்டால் இப்படிச் சொல் என்று வழி காட்டினார். அவனுக்காகத் தானே பதில் சொல்லிவிடவில்லை.

அப்புறம் அம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. வந்தார். பிரசங்கி ஐந்தாம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொன்னார், பொருத்தனை பண்ணிக்கொண்டால் செலுத்தத் தாமதியாதே என்ற இடம். பிறகு குரலைத் தாழ்த்தி, “மீறினா பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமா ஐயா?” என்று கேட்டார். அத்தனை வருடம் அந்த வீட்டில் பக்திக்கு அடியில் கிடந்தது இந்தப் பயம்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

லேவியராகமம் 27ஐத் திறந்து காட்டினேன். சபைகளில் அதிகம் வாசிக்கப்படாத அதிகாரம் அது, ஆனால் ஒவ்வொரு சேகரத்திலும், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளிலும், வருடத்துக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். மனிதரைக் கர்த்தருக்கென்று பொருத்தனை செய்தால் அதற்கு ஈடாக ஒரு தொகையைச் செலுத்த அங்கே வழி வைக்கப்பட்டிருக்கிறது. இருபது முதல் அறுபது வயது வரையுள்ள ஆணுக்கு 50 வெள்ளிச் சேக்கல், ஐந்து முதல் இருபது வரை 20 சேக்கல், ஒரு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் என்றால் 5 சேக்கல். அதையும் கொடுக்க முடியாத ஏழையாக இருந்தால் அவன் திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும் என்று எட்டாம் வசனம். (அதே அதிகாரத்தின் கடைசியில் சாபத்தீடாக, அதாவது மீட்கவே முடியாதபடி, நேர்ந்தவற்றுக்கு வேறு சட்டம் இருக்கிறது, அது வேறு விஷயம்.) பொருத்தனை செய்கிறவர்களின் தவிப்பும் அவசரமும் ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் நியாயப்பிரமாணத்திலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று சொன்னேன். அந்த அம்மா வசனத்தின் மேல் விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தார். “50 சேக்கல்னா எவ்வளவு ஐயா?” ஏறக்குறைய 570 கிராம் வெள்ளி வரும் என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். இரண்டு வருடம் கழித்து, ஒரு விடுதிப் பிள்ளையின் படிப்புச் செலவை அந்தக் கணக்கில் கட்டி முடித்துவிட்டதாக அவரே போனில் சொன்னார். மகன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியும் நடத்துகிறார்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. பாதியில் திரும்பிப் போகிற பிள்ளைகளை நம் சபைகள் நடத்துகிற விதம் மனதை அறுக்கிறது. கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல என்று லூக்கா 9:62ஐ எடுத்து வீசுகிறோம். அந்தப் பகுதியை முழுசாக வாசியுங்கள். ஆண்டவரே உம்மைப் பின்பற்றுவேன் என்று தானாக முன்வந்து சொன்ன ஒருவனுக்குத்தான் அந்தப் பதில் கொடுக்கப்பட்டது. வேறு யாரோ பிடித்துக் கலப்பையில் வைத்த கைக்கு அந்த வசனத்தை ஓங்குவது நியாயமில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1983ல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் 1026ஆம் பிரிவு, குருப்பட்டம் பெறும்படி ஒருவரை எந்த வகையிலும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தடைவிதிக்கிறது. நம்முடைய சபைகளில் எழுதப்பட்ட விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் மனசாட்சியில் அது இருக்க வேண்டும்.

கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டங்களின் மூன்றாம் நாள் இரவில் முழுநேர ஊழியத்துக்குக் கை தூக்குகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். அந்தக் கண்ணீர் உண்மைதான், ஆனால் அடுத்த மாதமே விண்ணப்பம் போட வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. தரங்கம்பாடி மிஷனில் ஆரோன் 1718ல் ஞானஸ்நானம் பெற்றார், பல வருடம் உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாத போதகராக, ஊர் ஊராக நடந்தார், குருப்பட்டம் பெற்றது 1733 டிசம்பரில். புராட்டஸ்டண்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர், பதினைந்து வருடம் காத்திருந்தவர். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, ஒய்.எம்.சி.ஏ. செயலராக வேலை பார்த்துவிட்டு 1909ல்தான் குருத்துவத்துக்குள் வந்தார், அப்போது வயது முப்பத்தைந்து ஆகப் போகிறது. 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். இருபது வயதுப் பிள்ளையிடம் நாம் இவ்வளவு அவசரப்படுகிறோமே, இவர்கள் விஷயத்தில் ஆண்டவர் அவசரப்படவில்லை.

செமினரிக்குள் வந்த பிறகு நடக்கிற இன்னொன்றும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வருடத்தில் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் படைப்பு இரண்டு விதமாகச் சொல்லப்படுவதை வரிக்கு வரி பார்ப்போம். மோசே எழுதியதாகச் சொல்லப்படும் உபாகமத்தின் 34ஆம் அதிகாரத்தில் மோசேயின் மரணமே இருக்கிறதே, அதை எழுதியது யார் என்று கேட்போம். ஓய்வுநாள் பள்ளியில் கேட்காத கேள்விகள் இவை. சில பிள்ளைகளுக்குத் தரை ஆடும். வீட்டுக்குப் போன் செய்வார்கள், வீட்டில் உடனே ‘செமினரிக்குப் போனா விசுவாசம் போயிரும்னு அப்பவே சொன்னாங்க’ என்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ஒரு ஆள். ஒரு வருடம் நானே இதில் தவறினேன். உபாகமம் 34 பற்றிப் பேசினேன், மணி அடித்தது, புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டேன். அந்த வகுப்பில் ஒரு மாணவர் அதன்பிறகு நான்கு மாதம் ஜெபிக்க முடியாமல் தவித்திருக்கிறார், எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் அந்தப் பாடத்தை நடத்திய வாரம் முழுக்க என் மாலை நேரத்தைக் காலியாக வைத்துக்கொள்கிறேன், வகுப்பில் கேட்கத் தயங்குகிறவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கேள்விகளோடு நான்கு வருடத்தைக் கடந்து வருகிற பிள்ளைகள்தான், சபையில் குழந்தையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போகும்போது மனப்பாட வசனத்தை அள்ளி வீசாமல் அந்த வீட்டாரோடு தரையில் உட்காருகிறார்கள். பார்த்திருக்கிறேன்.

எங்கே படிக்கிறோம் என்பதையும் விசாரியுங்கள். 1818ல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் கொடுக்கும் உரிமையை டென்மார்க் அரசர் 1827ல் அளித்தார், 1918ல் வங்காளத்தில் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் போன்றவை, அந்தப் பட்டங்களை வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட்டோடு இணைந்தவை. ஆறு மாதத்தில் பட்டம், பணம் கட்டினால் டாக்டர் என்று வாட்ஸப்பில் வருகிற விளம்பரங்களை நம்பி நிலத்தை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். சேருவதற்கு முன், உங்கள் சபைகளை நிர்வகிக்கிற பேராயம் அந்தப் படிப்பை ஏற்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மகள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பதினெட்டு வருடத்தில் மகளைப் பொருத்தனை செய்து கூட்டி வந்த ஒரு வீட்டைக்கூட நான் பார்க்கவில்லை. நேர்காணலுக்கு வருகிற பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள். அதனாலேயே, யார் உன்னைக் கூப்பிட்டது என்று கேட்டால் அவர்கள் பதிலில் ஒரு உறுதி இருக்கிறது. 2013ல் தென்னிந்தியத் திருச்சபை நந்தியாலில் ஒரு பெண்ணைப் பேராயராக அபிஷேகம் செய்துவிட்டது. வீடுகள் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

சேகரத்து ஐயர்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையோடு ஒரு மணி நேரமாவது நடந்து போய்ப் பேசுங்கள். ஒரு வருடம் சபையில் வேலை கொடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு, சாவு வீட்டுக்கு, குடிகாரன் வீட்டுக்குக் கூடவே கூட்டிப் போங்கள். பெற்றோருக்கும் ஒன்று. நேர்காணலுக்குத் தாராளமாகக் கூட வாருங்கள். வேப்பமரத்தடியில் பெஞ்ச் போட்டிருக்கிறது, காபியும் தருவோம். உள்ளே மட்டும் அவனைத் தனியாக விடுங்கள். அவன் என்ன சொன்னான் என்று வெளியே வந்ததும் கேட்க வேண்டாம், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவனாகவே சொல்லட்டும்.