ராஜா நெட்டுக்குத்தலாகக் கேஸ்லிங் போகமாட்டார்

சேலத்திலாகட்டும், ஏற்காட்டிலாகட்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கான செஸ் போட்டி என்றாலே ஏதாவது ஒரு போர்டில் இது நடந்துவிடுகிறது. சிப்பாயைக் கடைசி வரிசையின் இ8 கட்டத்துக்குக் கொண்டுபோய், அதற்குப் பதிலாக ராணியை விட்டுவிட்டு யானை எடுக்கிறார்கள். அடுத்த நகர்த்தலில் இ1 ராஜாவை இ3-க்குத் தூக்கிவைத்து, புது யானையை இ2-இல் இறக்கிக் கடிகாரத்தையும் அழுத்திவிடுகிறார்கள். கேட்டால், "வாட்ஸ்ஆப் பசில்ல வந்துச்சு சார், பழைய ரூல்ல உண்டு."

பழைய ரூலிலும் கிடையாது. டச்சு எழுத்தாளர் டிம் கிராபே 1970-களில் வேடிக்கைக்காகக் கட்டிய புதிர் அது. கேஸ்லிங் என்றால், இன்னும் நகராத ராஜா இன்னும் நகராத யானைப் பக்கம் இரண்டு கட்டம் போக, யானை அவரைத் தாண்டி மறுபக்கம் நிற்பது. 'புது யானை இன்னும் நகரவே இல்லையே, அப்படியானால் கேஸ்லிங் செய்யலாம்தானே' என்பதுதான் குறும்பு. அதைப் பார்த்து மிரண்டு, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1974-இல் விதியைத் திருத்தியது என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டது. ஃபிடேயின் 1930 விதியிலேயே ராஜாவும் யானையும் ஒரே படுக்கை வரிசையில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஓட்டையே இல்லாத இடத்தில் எதை அடைப்பது? இந்தக் கதையைப் பயிற்சியாளர்களே வகுப்பில் சொல்வதுதான் எரிச்சல்.

நஷ்டம் பிள்ளைக்குத்தான். தவறான நகர்த்தல் என்று எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டத்தில் 1 நிமிடம். அதே ஆட்டத்தில் இன்னொரு தவறான நகர்த்தல் என்றால் பொதுவாக ஆட்டமே போச்சு. அதைவிட மோசம், தொட்டது ராஜாவை. ராஜாவுக்குப் போக இடமிருந்தால் அதைத்தான் நகர்த்தியாக வேண்டும். வேறு காயால் மேட் கொடுக்க வழி இருந்தாலும் கொடுக்க முடியாது.

வெள்ளைச் சிப்பாயைக் கறுப்புக் குதிரையாக்கும் புதிர் வேறு ரகம். 19-ஆம் நூற்றாண்டு விதிகள் சிலவற்றில் நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை. புதிர் கட்டியவர்கள் அதில் புகுந்து விளையாடினார்கள். இன்று அதே நிறம்தான். சிப்பாயை மாற்றாமல் கடிகாரத்தை அழுத்தினாலும் தவறான நகர்த்தல். அந்த நிறத்து ராணிதான் வைக்கப்படும்.

நிஜமாகவே மாறிய விதிகளை யாரும் சொல்லித்தருவதில்லை. வெள்ளை ராஜா எஃப்6, சிப்பாய் எஃப்7, கறுப்பு ராஜா எஃப்8, கறுப்பு ஆட வேண்டும். இன்று ஸ்டேல்மேட் (செக் இல்லை, நகர்த்தவும் வழியில்லை), டிரா. அரபு நாட்டுப் பழைய செஸ்ஸான ஷத்ரஞ்சில் வெள்ளைக்கு வெற்றி. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கறுப்புக்கு வெற்றி! 1497-இல் ஸ்பானிய எழுத்தாளர் லூசெனா அச்சிட்ட 150 புதிர்களில் ஒரு பங்கு பழைய விதி, ஒரு பங்கு புது விதி. பழையதில் ராணி மூலைவாட்டில் ஒரே கட்டம்தான் போகும். அந்தப் பழைய விதிப் புதிரைக் கொண்டுபோய் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருளில் போட்டு "விடை தப்பு" என்று கமெண்ட் போடுகிறார்கள்.

திண்ணையில் தாத்தா ஆடும் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிப்பாய்க்கு முதலிலும் ஒரே கட்டம், ராஜாவுக்கு ஒருமுறை குதிரைத் தாண்டல். அது நம் ஊர் மரபு, குறைசொல்ல ஒன்றுமில்லை. போட்டி அரங்கில் செல்லாது, அவ்வளவுதான்.

புதிர் உலகத்துக்கென்று தனி வழக்கமும் உண்டு. கேஸ்லிங் முடியாது என்று நிரூபிக்காதவரை கேஸ்லிங் உண்டு. 'என் பாஸன்ட்' (இரண்டு கட்டம் தாண்டிப் பக்கத்தில் வந்து நிற்கும் சிப்பாயை, ஒரே கட்டம் வந்ததுபோல் வெட்டுவது) தலைகீழ். எதிராளி கடைசியாக இரண்டு கட்டம் வந்தான் என்று நிரூபித்தால்தான் உண்டு. வெள்ளை ராஜா சி5, வெள்ளைச் சிப்பாய் இ5, கறுப்புச் சிப்பாய் டி5 என்று வைப்போம். அந்தச் சிப்பாய் டி6-இலிருந்து வந்திருக்காது. அங்கே நின்றிருந்தால் சி5 ராஜாவுக்கு ஏற்கெனவே செக், வெள்ளை அதை அப்படியே விட்டிருக்க முடியாது. சி6, இ6 இரண்டிலும் வேறு காய்கள் நின்றால் வெட்டியும் வந்திருக்காது. கறுப்பின் மற்ற காய் எதுவும் கடைசியாக நகர்ந்திருக்க வழியில்லை என்றும் காட்டிவிட்டால், டி7-டி5 உறுதி. இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள், பிள்ளைகள் சொக்கிப்போவார்கள்.

பயிற்சியாளர்களே, குறும்புப் புதிரை அனுப்பும்போது எந்தக் காலத்து விதி என்று கீழே ஒரு வரி போடுங்கள். தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். பெற்றோரே, போட்டிக்கு முந்தின இரவு இந்தப் புதிர்கள் வேண்டாம், தயவுசெய்து. தம்பி, பாப்பா, சிப்பாயை மாற்றும்போது யானையைக் கவிழ்த்து வைத்தால் அது ராணி ஆகாது, யானைதான். ராணி கைக்குக் கிடைக்கவில்லையா? கடிகாரத்தை நிறுத்து, கையைத் தூக்கு, நடுவரைக் கூப்பிடு.