டெல்லியில் மூன்று நாள்: திங்கட்கிழமையை முதலில் கவனியுங்கள்

நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து டெல்லிக்குக் கிளம்பினால் பெரும்பாலும் சனி, ஞாயிறு, திங்கள் என்றுதான் டிக்கெட் போடுகிறார்கள். ஒரு நாள் லீவு எடுத்தால் போதுமே என்பது கணக்கு. ஆனால் செங்கோட்டை, அக்ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமைதான் விடுமுறை. சாந்தினி சவுக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறு திறக்காது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். முடியாதென்றால் திங்களுக்குக் குதுப் மினாரையும் ஹுமாயூன் கல்லறையையும் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் வார விடுமுறை இல்லை.

அடுத்து டெர்மினல். ஒருவர் சென்னையிலிருந்தும் இன்னொருவர் கோவையிலிருந்தும் வந்தால் "ஏர்போர்ட்டில் சந்திப்போம்" என்று மட்டும் பேசி வைக்காதீர்கள். டெர்மினல் 1-க்கும் 3-க்கும் இடையே பல கிலோமீட்டர் சாலைப் பயணம். மெட்ரோ தடமும் வேறு: 1-க்கு மெஜந்தா, 3-க்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ். தங்குமிடத்திலேயே சந்திப்பது நல்லது. விமான நிலையத்துக்குப் பக்கம் என்று மஹிபால்பூரில் மலிவாக அறை போட்டால், ஒவ்வொரு முறை ஊருக்குள் போய்வரவும் டாக்ஸியும் டிராஃபிக்கும்தான். கரோல் பாக் போல மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் எடுத்தால், கூடுதல் வாடகை டாக்ஸிச் செலவில் ஈடாகிவிடும்.

இடங்களை மெட்ரோ தடத்தின்படி சேருங்கள். வயலட் தடத்தில் லால் கிலா (செங்கோட்டை), ஜாமா மஸ்ஜித் இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள். சனிக்கிழமை காலை செங்கோட்டையை முடித்துக்கொண்டு எதிரே சாந்தினி சவுக் சாலையில் ஃபத்தேபுரி மசூதி வரை நடக்கலாம், ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். காலை 9 முதல் இரவு 9 வரை அந்தச் சாலையில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை என்பதால், அங்கே கார் வரும் என்று நம்பி நிற்க வேண்டாம். ஜாமா மஸ்ஜிதில் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். அரைக்கால் சட்டையும் ஆகாது. மெட்ரோ ஸ்மார்ட் கார்டு எடுப்பதானால் ஆளுக்கொன்று வேண்டும். ஒரே கார்டைத் தேய்த்து இருவர் உள்ளே போக முடியாது.

குழுவாகப் போகிறவர்கள் அதிகம் திணறுவது அக்ஷர்தாமில்தான். போன், கேமரா, பை எதுவும் உள்ளே அனுமதி கிடையாது. வரிசையில் நின்று ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். உள்ளே போனபின் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. ஒருவர் கண்காட்சி வரிசையில் இருப்பார், இன்னொருவர் சாப்பாட்டுக் கூடத்தில் தேடுவார். ஒரு மணி நேரம் அப்படியே போய்விடும். போனை ஒப்படைக்கும் முன்பே சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் பேசி முடியுங்கள். குறைந்தது இருவர் கையில் சாதாரண கைக்கடிகாரம் இருக்கட்டும். எல்லார் போனையும் ஒரே டோக்கனில் போட்டால், அதை வைத்திருப்பவர் வரும்வரை மற்றவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். இந்த இடத்துக்கு அரை நாள் முழுதாக ஒதுக்குங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், அவசரமாகப் பார்ப்பதில் பயனில்லை.

டாக்ஸி விஷயத்தில் ஒன்று. டெல்லி வாடகைக் கார்கள் பெரும்பாலும் சிஎன்ஜி எரிவாயுவில் ஓடுபவை. சிலிண்டர் டிக்கியில் படுத்திருக்கும். பெரிய சூட்கேஸ் ஒன்று வைத்தாலே இடம் முடிந்தது. நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் ஒரு வண்டி போதாது. தோள்பையோடு வருவதே உத்தமம்.

நியூ டெல்லி ரயில் நிலைய வாசலில் "உங்கள் ஹோட்டல் மூடியிருக்கிறது", "டிக்கெட் ரத்தாகிவிட்டது" என்று உதவ வருபவர்களிடம் நிற்காதீர்கள். அவர்கள் கூட்டிப்போவது கமிஷன் கடைக்கு. ஹோட்டலுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள்.

ஆக்ராவும் வேண்டும் என்றால் ஒரு நாள் முழுக்க அதற்கே போகும். டெல்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து காலை 8.10-க்குக் கதிமான் எக்ஸ்பிரஸ். 100 நிமிடத்தில் ஆக்ரா கன்டோன்மென்ட். தாஜ்மஹாலுக்கு விடுமுறையான வெள்ளியன்று இந்த ரயிலும் ஓடாது.

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை மூடுபனியால் காலை விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்த நாட்களில் திரும்பும் டிக்கெட்டைப் பிற்பகலுக்குப் போடுங்கள். சென்னையில் இறங்கி உடனே மதுரைக்கோ திருச்சிக்கோ தனி டிக்கெட்டில் இணைப்பு விமானம் வைக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் போனதுதான்.