பைபர் படகுக்கும் வயசாகும்

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம், தாழங்குடா கரைகளில் கட்டுமரம் குறைந்து பைபர் படகுகள் நிறைந்துவிட்டன. சிப்காட் ஆலைகளில் பைபர் தொட்டிகளைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு என்றாலும், கரைப்பக்கம் போனால் கண் தானாகப் படகுகள் மேல்தான் போகும். "பைபர்தானே சார், துருப்பிடிக்குமா, உளுத்துப்போகுமா?" என்பார்கள். கண்ணாடி இழைக்குத் துரு இல்லைதான். அந்த இழைகளைக் கட்டிப்பிடித்திருக்கும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசின் இருக்கிறதே, கெடுவது அதுவும் இரண்டும் ஒட்டியிருக்கும் இடமும்தான்.

வெயிலில் முதலில் அடிவாங்குவது மேல்பூச்சான ஜெல்கோட். நிறம் வெளுத்து, தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். இதுவரை பயமில்லை, தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதும். அப்படியே விட்டால் இழை வெளியே தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் தண்ணீர் அந்த இழையோரமாகவே உள்ளே ஊறிக்கொண்டு போகும்.

ஊறிய தண்ணீர் ரெசினைச் சிதைத்து, ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளமாகக் கிளம்பும். குத்தினால் வினிகர் வாடையோடு பிசுபிசுப்பாக வடியும். உப்புத்தண்ணீரைவிட நல்ல தண்ணீரில்தான் கொப்புளம் சீக்கிரம் வரும், நம்பக் கஷ்டமாக இருக்கும். ஐப்பசி மழையில் படகுக்குள் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட மோசம், இன்ஜின் மாட்டும் பின்பலகை. பல படகுகளில் பைபருக்குள் பிளைவுட்தான் இருக்கும். போல்ட்டுக்கு ஓட்டை போடுகிறவர்கள் அந்த ஓட்டையின் உள்சுவரில் ரெசின் பூச மறந்துவிடுவார்கள், தண்ணீர் அதன் வழியே இறங்கி, மேலே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே பலகை நைந்துபோயிருக்கும். நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டக் டக்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'பொத்' என்று அமுங்கினால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது அல்லது பலகை ஊறியிருக்கிறது.

அப்படிக் கெட்ட இடத்தின் மேல் பட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பது காசுக்குப் பிடித்த கேடு. கெட்டதை முழுக்கத் தேய்த்தெடுத்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, சித்திரை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பிறகு கண்ணாடி இழை விரிப்பான மேட்டை ரெசின் போட்டு ஒட்டுங்கள். ஒட்டும்போது, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கி, அதற்கப்புறம்தான் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.