ஐந்து லட்சம் டிக்கெட்டில் நின்றுபோகும் படங்கள்

"அமெரிக்காவில் மோர்மன் சபையினர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், கட்டுக்கோப்பான சமூகம் என்றும் பெயர். அப்படியிருந்தும் அவர்களுடைய வரலாற்றைச் சொல்லும் படங்கள் ஏன் தொடர்ந்து கையைக் கடிக்கின்றன? பார்க்க ஆள் இல்லையா, படம் சரியில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சுவாரசியமான விடை வேறு இடத்தில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் முகமூடியில் தொடங்கிய ஒரு கணிதம் அது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் இந்தக் கிறிஸ்தவச் சபையைத் தொடங்கினார். போன இடமெல்லாம் பகை. 1844இல் இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறைக்குள் புகுந்த கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. அடுத்து வந்த பிரிகம் யங், மக்களைத் திரட்டிக்கொண்டு மேற்கே நடந்து 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். இன்றைய யூட்டா மாநிலம் அப்படி உருவானதுதான். 1856இல் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பிய இரண்டு குழுக்கள் பனியில் சிக்கி, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துரத்தல், துரோகம், பனி, பசி, பலதார மணச் சர்ச்சை என்று சினிமாவுக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. ஹாலிவுட்டின் கண்ணிலும் இது படாமல் போகவில்லை. 1940இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் பெரும் செலவில் 'பிரிகம் யங்' எடுத்தது. சால்ட் லேக் நகரில் ஒரே நாளில் ஏழு அரங்குகளில் முதல் காட்சி, ஊரே திருவிழா. யூட்டாவுக்கு வெளியே அந்த ஆரவாரம் இல்லை.

இனி டிக்கெட் கணக்கு. சபையின் வரலாற்றைச் சொல்லி 2004இல் வந்த 'தி வொர்க் அண்ட் தி குளோரி' படத்துக்குப் பணம் போட்டவர் யூட்டா ஜாஸ் கூடைப்பந்து அணியின் அன்றைய உரிமையாளர் லாரி மில்லர். செலவு சுமார் 75 லட்சம் டாலர், வசூல் சுமார் 33 லட்சம். அந்த ஆண்டு அமெரிக்காவில் சராசரி டிக்கெட் விலை 6.21 டாலர். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 5.3 லட்சம் டிக்கெட். அப்போது அமெரிக்காவில் மட்டும் சபையின் கணக்கில் 55 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் இருந்தார்கள். பத்தில் ஒருவர் வந்திருக்கிறார். சரி, இது மோசமா?

மோசமே இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 2000இல், ரிச்சர்ட் டச்சர் இயக்கிய 'காட்ஸ் ஆர்மி' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இக்கால மோர்மன் மிஷனரி இளைஞர்களின் கதை. வசூல் சுமார் 26 லட்சம் டாலர். அந்த ஆண்டு டிக்கெட் விலை 5.39. வகுத்தால் 4.8 லட்சம் டிக்கெட்! அந்தப் படத்துக்கு ஆன செலவு வெறும் 3 லட்சம் டாலர் என்பதால் அது வெற்றிப்படம். மோர்மன் சினிமா என்ற அலையையே அதுதான் கிளப்பியது. இரண்டு படங்களுக்கும் வந்த கூட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றைக் கொண்டாடினார்கள், மற்றொன்றில் முதலாளி பணத்தை இழந்தார்.

இந்த ஐந்து லட்சம் எங்கிருந்து வருகிறது? ஏன் அது ஐம்பது லட்சமாக வளர்வதில்லை?

இங்கேதான் முகமூடி வருகிறது. 1950களில் சைமன் பிராட்பென்ட் என்பவர் பிரிட்டனின் நிலக்கரி ஆய்வுச் சங்கத்தில் சுரங்க முகமூடிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். முகமூடிக்குள் கரித்துகள்கள். அவற்றின் நுண்துளைகளில் சில திறந்திருக்கும், சில அடைத்திருக்கும். எத்தனை துளைகள் திறந்திருந்தால் வாயு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்? அவரும் ஜான் ஹேமர்ஸ்லி என்ற கணிதவியலாளரும் 1957இல் இதற்கான கோட்பாட்டை எழுதினார்கள். பெர்கோலேஷன், அதாவது கசிவுக் கோட்பாடு. காபி ஃபில்டரில் பொடியை எப்படி அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து டிகாஷன் இறங்குவதோ அடைத்துக்கொண்டு நிற்பதோ நடக்கிறதே, அதே சமாச்சாரம். (காபி மோர்மன்களுக்கு விலக்கப்பட்ட பானம். உவமைக்கு மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன்.)

2000ஆம் ஆண்டில் சோரின் சாலமன், ஜெரார் வைஸ்புக், டீட்ரிக் ஸ்டாஃபர் உள்ளிட்ட சில இயற்பியலாளர்கள் இதை அப்படியே திரையரங்குக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பெரிய கட்டத்தாளைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஓர் ஆள். ஒவ்வொருவருக்கும் சுற்றி நான்கு பக்கத்து வீட்டுக்காரர்கள். விதிகள் இரண்டே இரண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் படம் வந்திருப்பதே நமக்குத் தெரியும். தெரிந்தபின், அது நம் மனதிலுள்ள அளவுகோலைத் தாண்டினால் மட்டுமே போவோம். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் எது வந்தாலும் பார்ப்பார்கள், சிலர் எதற்கும் மசியமாட்டார்கள்.

இப்போது நூற்றுக்கு ஐம்பது பேருக்குப் பிடிக்கக்கூடிய ஒரு படத்தைக் கட்டத்தாளின் நடுவில் ஒருவரிடம் விடுவோம். ஊரில் பாதிப் பேருக்குப் பிடிக்கும் என்றால் பாதிப் பேர் பார்ப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. அவர் நால்வரிடம் சொல்வார், இருவர் போவார்கள். அவர்கள் சொல்லப்போகும் ஆட்களில் சிலர் ஏற்கெனவே கேட்டுவிட்டவர்கள், சிலர் மசியாதவர்கள். கொஞ்ச தூரம் பரவியபின் எல்லாப் பக்கமும் மசியாதவர்களின் வேலி அமைந்துவிடும். படம் அந்தச் சின்னத் திட்டுக்குள்ளேயே செத்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் ரசிக்கத் தயாராக லட்சம் பேர் இருப்பார்கள். அவர்கள் காதுக்கு விஷயமே போயிருக்காது. ஐம்பத்தெட்டு பேருக்குப் பிடித்தாலும் இதே கதிதான். ஆனால் அறுபதைத் தொடட்டும், வேலியில் எங்கேயோ ஓர் ஓட்டை விழுந்து, படம் தாளின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஓடிவிடும். அந்த எல்லை எண் 59.3 சதவீதம்.

இந்த எண்ணின் மேல் எனக்குத் தீராத மோகம். ஏனென்றால் இதற்கு இதுவரை யாரும் ஒரு சூத்திரம் கண்டுபிடிக்கவில்லை. முக்கோணக் கட்டமாக இருந்தால் சரியாக ஐம்பது என்று நிரூபித்துவிட்டார்கள். சதுரக் கட்டத்துக்கு மட்டும் கணினியில் ஓட்டி ஓட்டித்தான் தசமத்துக்குப் பின்னால் இலக்கங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். காட்டுத்தீ, பாறைக்குள் எண்ணெய், தொற்றுநோய் என்று இன்று எங்கெங்கோ பயன்படும் இந்தக் கோட்பாடு, அன்றைக்கு ஒரு முகமூடி ஆய்வுக்குக் கிடைத்த பணத்தில் முளைத்தது. "இதனால் சமூகத்துக்கு என்ன பயன், இரண்டு வரிகளில் எழுதவும்" என்று நிதி விண்ணப்பத்தில் கேட்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

சாலமன் குழுவினர் இன்னொரு குறும்பும் செய்தார்கள். படம் ஓடினால் தயாரிப்பாளர் அடுத்த படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைப்பார், ஓடாவிட்டால் கூட்டுவார். பார்வையாளரும் அனுபவத்துக்கு ஏற்ப அளவுகோலை மாற்றிக்கொள்வார் என்று சேர்த்தார்கள். அப்போது எல்லாரும் சேர்ந்து அந்த எல்லை எண்ணின் பக்கத்திலேயே தள்ளாடத் தொடங்கலாம் என்றார்கள். அங்கே மயிரிழைதான் வெற்றியையும் தோல்வியையும் பிரிக்கிறது. தலைப்பில் ஓர் எழுத்தைக் கூட்டி எண் கணிதம் பார்க்கிறவர்களுக்கு அவ்வப்போது 'பலித்துவிடுவதன்' ரகசியமும் இதுதான் என்பேன். பலிக்காத படங்களை யார் கணக்கு வைக்கிறார்கள்?

மோர்மன் வரலாற்றுப் படத்துக்கு இந்தக் கட்டத்தாள் எப்படி இருக்கும்? சீராகக் கலந்து கிடக்காது. நடுவில் ஒரு தீவு, சுற்றிக் கடல். தீவுக்குள் இருப்பவர்களுக்கு அளவுகோல் தாழ்வு: கொள்ளுத்தாத்தா கைவண்டி இழுத்த கதையைப் பெரிய திரையில் பார்க்கக் கசக்குமா? வெளியே இருப்பவர்களுக்கோ அது வேற்று மதத்தின் பிரசாரம் என்ற சந்தேகம், அளவுகோல் வானத்தில். அங்கே 59 அல்ல, ஐந்து பேர்கூடத் தேறமாட்டார்கள்.

உண்மையான மனிதர்களுக்கு நான்கு பேர் மட்டுமா பழக்கம் என்று கேட்கலாம். நியாயம்தான். தாறுமாறாகப் பின்னிய வலையில், ஒருவருக்குச் சராசரியாக இருபது தொடர்புகள் இருந்தால், இருபதில் ஒருவருக்குப் பிடித்தாலே போதும், படம் பரவிவிடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. என் நண்பர்கள் ஒருவருக்கொருவர் நண்பர்களாக இருக்கக் கூடாது. மோர்மன் வாழ்க்கை இதற்கு நேர் எதிர். சில நூறு பேர் கொண்ட 'வார்டு' என்ற அமைப்புதான் சபையின் அடிப்படை. எந்த வார்டு என்பதை வீட்டு முகவரி தீர்மானிக்கிறது. ஞாயிறு வழிபாட்டிலும் வார நாட்களிலும் அதே முகங்கள். ஒருவருக்கு நோய் என்றால் பத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும் என்பது அந்த அடர்த்தியின் அழகு. படம் நன்றாக இருக்கிறது என்ற பேச்சும் அதே போல ஒரே ஆளிடம் பத்து முறை போய்ச் சேர்கிறது. தீவு சீக்கிரமே நிரம்பிவிடும். அப்புறம் கரை.

தொடர் படங்களில் இது பளிச்சென்று தெரியும். 'தி வொர்க் அண்ட் தி குளோரி'யின் இரண்டாம் பாகம் 2005இல் சுமார் 20 லட்சம் டாலர், மூன்றாம் பாகம் 2006இல் சுமார் 13 லட்சம். முந்தைய பாகத்தின் வசூலில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு, அதிலும் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு. புதிதாக யாரும் உள்ளே வரவில்லை.

தீவையே பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1857 செப்டம்பர் 11 அன்று தெற்கு யூட்டாவில் மோர்மன் படையினர் சுமார் 120 பயணிகளைக் கொன்ற மவுண்டன் மெடோஸ் படுகொலையைப் பற்றி, 2007இல் 'செப்டம்பர் டான்' வந்தது. ஜான் வாய்ட் நடித்தது, செலவு சுமார் 1.1 கோடி டாலர். ஏறக்குறைய 850 அரங்குகளில் வெளியாகி முதல் வார இறுதியில் சுமார் 6 லட்சம் டாலர் ஈட்டியது. அரங்குக்கு எழுநூறு டாலர். டிக்கெட் ஏழு டாலர் என்று வைத்தால் மூன்று நாளில் நூறு பேர். நாளைக்கு ஐந்து காட்சி என்றால் காட்சிக்கு ஏழு பேர். தியேட்டர் காத்து வாங்கியது என்போமே, அது. உள்ளே இருப்பவர்களுக்குக் கோபம், வெளியே இருப்பவர்களுக்கு அக்கறையில்லை. தொடங்கிவைக்க ஒரு திட்டுகூடக் கிடைக்கவில்லை.

இதற்கு மறுமுனையில் 'நெப்போலியன் டைனமைட்'. வந்தது 2004இல்தான். இயக்குநர் ஜாரெட் ஹெஸ் மோர்மன், சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் படித்தவர், கதை நடப்பது மோர்மன்கள் நிறைந்த ஐடஹோவின் பிரெஸ்டன் ஊரில். ஆனால் படத்தில் மதத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை. 4 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 4.4 கோடி ஈட்டியது. வேலி இல்லாத இடத்தில் அதே ஊர்க்காரரின் படம் நாடு முழுக்கக் கசிந்தது.

தீவின் அளவைக் கூட்ட முடியாதென்றால் செலவைத்தான் குறைக்க வேண்டும். வரலாற்றுப் படத்தின் சிக்கல் அங்கேதான்: வண்டிகள், எருதுகள், பழங்கால உடைகள், எரிக்க ஒரு கிராமம். 'காட்ஸ் ஆர்மி'க்கு வெள்ளைச் சட்டையும் டையும் போதுமாக இருந்தது. போதாக்குறைக்குச் சபையே போட்டி. 'லெகசி' என்ற தன் வரலாற்றுப் படத்தை 1993 முதல் சில ஆண்டுகள் சால்ட் லேக் நகரில் இலவசமாகவே காட்டியது. டி. சி. கிறிஸ்டென்சன் போன்ற இயக்குநர்கள் தாமே ஒளிப்பதிவாளராகவும் இருந்து, சின்னச் செலவில், அதே கைவண்டிக் கதைகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பார்வையில் இந்தத் துறையில் கணக்குத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இன்றைய விலையில் போட்டுப் பார்க்கலாம். ஐந்து லட்சம் டிக்கெட், ஒன்று பதினொரு டாலர் என்றால் 55 லட்சம். அதில் ஏறக்குறைய பாதி அரங்குக்காரருக்கு. மீதியில் விளம்பரச் செலவைக் கழித்தால், படம் எடுக்க 15 லட்சம் டாலருக்கு மேல் போடுவது தற்கொலை. அதற்குள் எத்தனை எருதுகள் வாடகைக்குக் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர்தான் விசாரிக்க வேண்டும்.