பண்ணைகளுக்கு ஒரு வாய்ப்பூட்டுச் சட்டம்: கால்நடை மருத்துவரின் பார்வையில்

மருத்துவர் வருகிறார் என்று முன்கூட்டியே தெரிந்த மாட்டுப் பண்ணையில் தரை கழுவப்பட்டிருக்கும், புது வைக்கோல் விரிக்கப்பட்டிருக்கும், மோசமாக நொண்டும் மாடு பின்கொட்டிலுக்குப் போயிருக்கும். விருந்தாளி வருகிற வீட்டில் நடப்பதுதான் இது. வஞ்சகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மற்ற நாட்களில் அந்த மாடுகள் எப்படி நடத்தப்படுகின்றன என்பதை அங்கே வேலை செய்பவர் மட்டுமே பார்க்கிறார். பண்ணைக்குள் ரகசியமாகப் படமெடுப்பதைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அமெரிக்க மாநிலங்கள் பல இயற்றியுள்ள, எதிர்ப்பாளர்கள் வாய்ப்பூட்டுச் சட்டங்கள் என்றழைக்கும் சட்டங்கள் குறிவைப்பது அந்தச் சாட்சியைத்தான்.

அங்கே மத்திய அரசின் விலங்கு நலச் சட்டம் உணவுக்காக வளர்க்கப்படும் பண்ணை விலங்குகளுக்குப் பொருந்தாது. 1958-ஆம் ஆண்டின் வதைக்கூடச் சட்டமோ கோழிகளை விட்டுவிடுகிறது. எனவே பண்ணைக்குள் நடப்பவை பெரும்பாலும் வேலையாளாகச் சேர்ந்து ரகசியமாகப் படமெடுத்தவர்கள் வழியாகவே வெளிவந்தன. கலிபோர்னியாவின் சீனோ நகர வதைக்கூடம் ஒன்றில் எழ முடியாமல் படுத்துவிட்ட மாடுகளை ஃபோர்க்லிஃப்டால் தள்ளியும், மின்கோலால் குத்தியும், தண்ணீரைப் பீய்ச்சியும் எழுப்ப முயன்ற காட்சிகள் 2008 ஜனவரியில் வெளியாயின. எழ முடியாமை, இறைச்சி வழியாக மனிதர்களுக்கும் பரவக்கூடிய பைத்திய மாட்டு நோயின் (மேட் கௌ) அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால் இது மனிதர்களின் உணவையும் தொட்ட விவகாரம். அடுத்த மாதமே ஏறத்தாழ 6.5 கோடி கிலோ மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அதில் ஒரு பகுதி பள்ளி மதிய உணவுக்குப் போயிருந்தது. அந்தக் கூடத்தில் அரசு ஆய்வாளர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

1990-இல் கான்சாஸ் தொடங்கிவைத்த இவ்வகைச் சட்டம், 2012-இல் அயோவா, யூட்டா, மிசூரி எனப் பரவியது. பால் பண்ணைக் கொடுமை ஒன்று படத்துடன் அம்பலமான பிறகு 2014-இல் ஐடஹோ இயற்றிய சட்டம், அனுமதியின்றிப் பதிவு செய்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. விலங்கை வதைத்தவருக்கு முதல் குற்றத்தில் ஆறு மாதமே உச்சம். பேச்சுரிமைக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2015-இல் அதை ரத்து செய்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவுத் தடையை நீக்கியதை ஏற்றுக்கொண்டாலும், தீங்கு செய்யும் நோக்கத்துடன் பொய் சொல்லி வேலையில் சேர்வதைக் குற்றமாக்கும் பிரிவுக்கு உயிர் கொடுத்தது. யூட்டாவின் சட்டம் 2017-இல் விழுந்தது. அயோவாவோ விழுந்த சட்டத்துக்குப் பதிலாக 2019-இல் புதியதை எழுதியது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது.

என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது இவற்றுள் மிகச் சாதுவாகத் தோன்றும் மிசூரி சட்டம்தான். கொடுமை என்று தாம் நம்புவதைப் படமெடுக்கும் பண்ணைப் பணியாளர், அப்பதிவை வெட்டாமல் ஒட்டாமல் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. துன்புறும் மாட்டுக்கு விரைவில் உதவி கிடைக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். கேட்க நன்றாகவே இருக்கிறது. மருத்துவத்தில் ஒருநாள் காட்சி எதை நிரூபிக்கும்? குளம்பின் அடியில் இன்று தெரியும் புண்ணுக்குரிய சேதம் பல வாரங்களுக்கு முன்பே நேர்ந்திருக்கும். முழங்கால் வீக்கம் ஒரு மாட்டில் இருந்தால் விபத்தாக இருக்கலாம், கொட்டில் முழுக்க இருந்தால் தரையும் பராமரிப்பும்தான் காரணம். அடித்தவர் ஒரு முரட்டு ஆளா, அல்லது மேற்பார்வையாளருக்குத் தெரிந்தே தினமும் நடக்கிற வழக்கமா என்பதும் வாரக்கணக்கில் பார்த்தால்தான் விளங்கும். முதல் நாளே பதிவை ஒப்படைத்தவர் யாரென்று தெரிந்துவிட்டால் இரண்டாம் நாள் பதிவு இருக்காது. ஒரு கூலியாளை வேலையைவிட்டு நீக்கியதோடு பண்ணை தப்பித்துக்கொள்ளும்.

விலங்கின் நலன்தான் நோக்கம் என்றால், கொடுமையைக் கண்ட எல்லோருக்கும் அந்தக் கடமையைச் சட்டம் சுமத்தியிருக்கலாம். இந்தப் பிரிவின் கடமை படமெடுத்தவருக்கு மட்டுமே. பக்கத்தில் நின்று வெறுமனே பார்த்த மேற்பார்வையாளர் இதன்படி யாரிடமும் எதையும் தெரிவிக்க வேண்டியதில்லை.