இரண்டு இடத்தில் பார்த்தேன் என்பவர்களுக்கு

நூலகத்தின் ரெஃபரன்ஸ் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வருகிறவர்கள் "இது எந்தப் புத்தகத்துல கிடைக்கும்?" என்று கேட்பார்கள். இப்போது கைபேசியை நீட்டி "இது சரிதானே சார்?" என்கிறார்கள். கேள்வி மாறியதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லப்போனால் இரண்டாவதுதான் நல்ல கேள்வி. ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் வரும்: "இன்னொரு இடத்துலயும் பார்த்துட்டேன், அங்கயும் இதேதான் இருக்கு." அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

ஆய்வு மாணவி ஒருவர் பழைய பதிப்பாசிரியர் ஒருவரின் பிறந்த ஆண்டைத் தேடி வந்தார். விக்கிப்பீடியாவில் ஓர் ஆண்டு இருந்தது. எங்கள் அலமாரியில் இருந்த இரண்டு புத்தகங்களிலும் அதே ஆண்டு. "மூணு இடத்துலயும் ஒண்ணுதான் சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பதிப்பாசிரியர் தம்முடைய ஒரு நூலுக்கு எழுதிய முன்னுரையில், போகிற போக்கில் தம் வயதைச் சொல்லியிருந்தார். நூல் அச்சான ஆண்டிலிருந்து வயதைக் கழித்துப் பார்த்தால் ஏழு வருடம் இடித்தது.

விக்கிப்பீடியாவில் அந்தக் கட்டுரையின் 'வரலாற்றைக் காட்டவும்' என்ற பொத்தானை அழுத்தினோம். கட்டுரையில் நடந்த ஒவ்வொரு திருத்தமும் தேதி, நேரத்தோடு அங்கே வரிசையாக நிற்கும். கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு வந்தால், 2011-இல் கணக்குத் தொடங்காத யாரோ ஒருவர், சான்று எதுவும் காட்டாமல் அந்த நான்கு இலக்கத்தைச் செருகிவிட்டுப் போயிருந்தார். இரண்டு புத்தகங்களையும் புரட்டினோம். ஒன்று 2014-இல் வந்தது, மற்றது 2017-இல். இரண்டிலும் ஆண்டு எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்பு இல்லை. மாணவி கையில் வைத்திருந்த மூன்று சாட்சிகளும் ஐந்து நிமிடத்தில் ஒரே சாட்சியாகச் சுருங்கின. அந்த ஒருவரும் பெயர் தெரியாதவர்.

சுவடி பதிப்பித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். நான்கு ஏடுகளில் ஒரே பாடம், அதாவது ஓர் இடத்தில் ஒரே சொல், இருந்தால் அது சரியான பாடம் என்று அவர்கள் உடனே முடிவு கட்டமாட்டார்கள். நான்கும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதியவையா என்று முதலில் பார்ப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க உதவுவது பிழைதான். சரியானதை நான்கு பேர் தனித்தனியாக எழுதிவிட முடியும். ஒரே விசித்திரமான தவறை நான்கு பேர் தனித்தனியாகச் செய்வது அபூர்வம். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்ற பழமொழி சும்மா வரவில்லை.

இதே சங்கதி ஜெர்மனியில் ஒரு முறை எல்லோர் கண்முன்னாலும் நடந்தது. 2009 பிப்ரவரியில் கார்ல் தியோடோர் சு குட்டன்பெர்க் என்பவர் பொருளாதார அமைச்சராக வரப்போகிறார் என்று செய்தி. பிரபுக் குடும்பத்தவர்; அவருடைய முழுப்பெயர் ஒரு வரிக்கு மேல் போகும். யாரோ ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் அந்தப் பெயர்களுக்கு நடுவே 'வில்ஹெல்ம்' என்று ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார். மறுநாள் பெரிய நாளிதழ்கள் வில்ஹெல்மோடு சேர்த்தே அச்சடித்தன. விக்கிப்பீடியாவில் ஒருவர் சந்தேகப்பட்டு இதற்குச் சான்று எங்கே என்று கேட்டபோது, விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதப்பட்ட செய்தியே சான்றாகக் காட்டப்பட்டது. பாம்பு தன் வாலைத் தானே விழுங்கிய கதை. அதற்கு முந்தைய ஆண்டில் ஓர் அமெரிக்க மாணவர், ஆங்கில விக்கிப்பீடியாவில் தென் அமெரிக்காவின் கோவாட்டி என்ற விலங்குக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்று விளையாட்டாக ஒரு பெயர் வைத்தார். அதை நாளிதழ்கள் எடுத்தாண்டன, புத்தகங்களிலும் ஏறியது. வெளியே தெரிய ஆறு வருடம் ஆயிற்று.

இதைச் சொன்னதும் வயதில் மூத்த வாசகர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். "அதான் சொல்றேன், அச்சுல வந்தாத்தான் நம்பணும்." ஐயா, கொஞ்சம் பொறுங்கள்.

வெப்ஸ்டர் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1934-இல் வந்தது. அதில் 'டோர்ட்' (dord) என்று ஒரு சொல், பொருள் 'அடர்த்தி'. அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது. அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கெழுத்து 'டி'. அதைப் பெரிய எழுத்திலும் போடலாம், சிறிய எழுத்திலும் போடலாம் என்பதற்காக 'டி ஆர் டி' (D or d) என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த அட்டை தப்பான பெட்டிக்குப் போய், மூன்றையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939-இல்தான் ஆசிரியர் ஒருவர் கவனித்தார். அச்சிலிருந்து எடுத்தது 1947-இல். அத்தனை கண்கள் மேய்ந்த அகராதியில், கண்டுபிடித்த பிறகும் எட்டு வருடம்! பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் முதல் பதிப்பு 1768 முதல் 1771 வரை எடின்பரோவில் வந்தது. கலிபோர்னியா தீவா தீபகற்பமா என்று தெரியவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டதற்காக அவர்களை எனக்குப் பிடிக்கும். அது வேறு விஷயம்.

வேண்டுமென்றே பொய் அச்சிட்டதும் உண்டு. 1975-இல் வந்த புதிய கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வர்ஜீனியா மவுண்ட்வீசல் என்ற பெண் புகைப்படக் கலைஞர் இருக்கிறார். கிராமத்து அஞ்சல் பெட்டிகளைப் படம் எடுத்தவர், வெடி விபத்தில் இறந்தவர். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. தங்கள் நூலை யாராவது அப்படியே நகலெடுத்தால் இந்த அம்மாளும் கூடவே போவார், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற கணக்கு. சுவடிக்காரர்களின் உத்தியைத் தலைகீழாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அவரைத் தேடிப் போகிற அப்பாவி வாசகன் என்ன ஆவான் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அச்சில் ஏறினால் மாற்ற முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. சோவியத் யூனியனில் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியா பதவியிழந்து 1953 இறுதியில் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அச்சாகியிருந்த பெரிய சோவியத் கலைக்களஞ்சியத் தொகுதியில் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை இருந்தது. சந்தாதாரர்களுக்குத் தபாலில் மாற்றுப் பக்கங்கள் போயின. பழைய பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளவும் என்று குறிப்பு. பெரியா இருந்த இடத்தில் பேரிங் கடல் வந்து உட்கார்ந்தது. இதே வேலையை விக்கிப்பீடியாவில் செய்தால் வரலாற்றுப் பக்கத்தில் தடம் இருக்கும். அங்கே தடம் என்று இருந்தது குப்பைக் கூடையில் விழுந்த காகிதம்தான்.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? 2005-இல் 'நேச்சர்' இதழ் ஒரு சோதனை நடத்தியது. அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியா, பிரிட்டானிக்கா கட்டுரைகளை எது யாருடையது என்று சொல்லாமல் அந்தந்தத் துறை வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். 42 தலைப்புகளுக்கு முடிவு வந்தது. கடுமையான பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. சிறு பிழை, விடுபாடு, தவறான புரிதல் எல்லாம் சேர்த்து விக்கிப்பீடியாவில் 162, பிரிட்டானிக்காவில் 123. 2006-இல் பிரிட்டானிக்கா இந்தச் சோதனையின் முறையையே கடுமையாக மறுத்தது, நேச்சர் பின்வாங்கவில்லை. இதைக் காட்டி "இரண்டும் சமம்னு நிரூபிச்சுட்டாங்க" என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். 162-க்கும் 123-க்கும் வித்தியாசம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதோடு, பார்த்தது ஆங்கிலத்தில், அறிவியலில். அதாவது ஆயிரம் கண்கள் மேயும் வயல். ஆள் நடமாட்டமில்லாத மூலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அந்த மூலைகளைப் பற்றித்தான் தமிழில் படிக்கிற நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அந்த மொழியே சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்கப் பையன் எழுதிக் குவித்திருந்தது 2020-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பன்னிரண்டு வயதில் ஆர்வக்கோளாறில் தொடங்கியிருக்கிறான். தடுக்க யாரும் இல்லை. சீன விக்கிப்பீடியாவில் ஒருவர் இடைக்கால ரஷ்யாவைப் பற்றி இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கற்பனையிலேயே எழுதியிருந்தார். நடக்காத போர், இல்லாத வெள்ளிச் சுரங்கம் எல்லாம் அதில் உண்டு. 2022-இல் ஒரு நாவலாசிரியர் தன் கதைக்காக அந்தச் சுரங்கத்தைத் தேடப்போய்த்தான் குட்டு உடைந்தது. பையன் செய்ததில் கெட்ட எண்ணம் இல்லை, இவர் செய்தது முழுப் புளுகு. இரண்டும் ஆண்டுக்கணக்கில் நின்றதற்குக் காரணம் ஒன்றுதான்: எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் எவருமில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். சம்பளமில்லாமல் இதைச் செய்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கட்டுரைகளின் எண்ணிக்கையோடு அவற்றைத் திரும்பிப் பார்க்கிற கைகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டால் கொஞ்சம் பயம் வரும். ஒரு கட்டுரையின் வரலாற்றில் ஒரே பெயரும், இடையிடையே தானியங்கி செய்த சில்லறைத் திருத்தங்களும் மட்டும் தெரிந்தால், அதைக் கலைக்களஞ்சியக் கட்டுரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய கடிதம் என்று எடுத்துக்கொண்டு படியுங்கள். கடிதத்திலும் உண்மை இருக்கலாம்.

அச்சு நூல் வேறு விதத்தில் ஏமாற்றும். பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள். அதை எடுத்துப் புரட்டும்போது இன்றும் கை கொஞ்சம் பணிவாகத்தான் போகும். கடைசித் தொகுதி வந்தபோது 'தமிழ்நாடு' என்ற பெயர் மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. அது 1969 ஜனவரி. நிலவில் மனிதன் கால் வைக்கவில்லை. அது அதே ஆண்டு ஜூலை. 1960-களில் அச்சான எந்த நூலிலும் வியாழனுக்குப் பன்னிரண்டு நிலவுகள் என்றுதான் இருக்கும்; பதின்மூன்றாவதை 1974-இல்தான் கண்டுபிடித்தார்கள், இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இது நூலின் பிழை ஆகாது. தேதியைப் பார்க்காமல் எடுத்தெழுதுகிறவரின் பிழை. அதனால் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்க்கச் சொல்வேன். அங்கே 2019 என்று இருந்தாலும் அது முதற்பதிப்பா மறுஅச்சா என்று பார்க்க வேண்டும். எழுத்தைத் தொடாமல் புது அட்டை மட்டும் போட்டு வந்த நூல்கள் எங்கள் அலமாரியில் கணிசமாக இருக்கின்றன.

இன்னொன்று. விக்கிப்பீடியா கட்டுரைகளை அள்ளிப்போட்டு, அழகான அட்டை கட்டி, கேட்கும்போது ஒரு பிரதி அச்சடித்துத் தரும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். விக்கிப்பீடியாவின் உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது, சட்டப்படி தப்பில்லை. அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு "அச்சிலும் இதேதான் இருக்கு" என்றால் நான் என்ன சொல்வது? தேடுபொறியின் உச்சியில் நான்கு வரியில் வந்து நிற்கும் செயற்கை நுண்ணறிவு பதிலும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். அந்தப் பதிலை எழுதும் மொழி மாதிரிகளுக்குப் பயிற்சியாக ஊட்டியதில் விக்கிப்பீடியாவும் உண்டு. மூன்றாவது சாட்சி என்று அதைக் கூப்பிட்டால் முதல் சாட்சியே சட்டை மாற்றிக்கொண்டு வருவார்.

என் மேசையில் நான் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களில், நமக்கு வேண்டிய வரிக்கு உரிய எண்ணை மட்டும் சொடுக்கிப் பார்ப்பேன். இணைப்பு திறக்கிறதா, திறந்தால் அந்தச் செய்தி உண்மையில் அங்கே இருக்கிறதா? பாதி நேரம் கதை இங்கேயே முடிந்துவிடும். 'சான்று தேவை' என்று யாராவது குறித்திருந்தால் அது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை; எந்த அச்சு நூல் தன் பலவீனமான வரிக்கு இப்படி அடையாளம் போட்டுத் தருகிறது? உரையாடல் பக்கத்தில் சண்டை நடந்திருந்தால் அதைக் கட்டாயம் படிப்பேன். பல நேரம் கட்டுரையைவிடச் சண்டையில்தான் விஷயம் இருக்கும். பிறகு, செய்தி எந்த ஆண்டில் கட்டுரைக்குள் வந்தது என்று பார்த்து, அதற்கு முன்னால் அச்சான ஏதாவது ஒன்றில் அது இருக்கிறதா என்று அலமாரிக்குப் போவேன். முன்னால் அச்சானது கிடைத்தால்தான் எனக்கு இரண்டாவது சாட்சி. வேற்றுமொழி விக்கிப்பீடியாவில் இருப்பதை நான் எண்ணுவதில்லை. பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்று மொழிபெயர்த்ததாக இருக்கும்.

மாணவியின் பிறந்த ஆண்டுக்கு வருகிறேன். முன்னுரையைச் சான்றாகக் காட்டி விக்கிப்பீடியா கட்டுரையை அவரே திருத்தினார். என் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி, பத்து நிமிடத்தில். புத்தகங்களைப் போட்ட இரண்டு பதிப்பகங்களுக்கும் நான் கடிதம் எழுதினேன். ஒன்றிலிருந்து, அடுத்த பதிப்பு வந்தால் கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. மற்றதிலிருந்து ஒன்றும் இல்லை. இரண்டும் இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால்கூட எதுவும் எழுத எனக்கு அனுமதி இல்லை.